தேசப்பனின் முப்பது நாள் விடுப்பு

திருவொற்றியூர் வெள்ளக்கல் குப்பத்தில் மொத்தம் முப்பத்து நான்கு வீடுகள். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து ஒவ்வொரு சுவரிலும் ஓர் எண்ணை எழுதிக்கொண்டே போனார்கள். பவானி வீட்டுக்கு விழுந்த எண் பதினேழு. எதற்கு என்று கேட்டாள். "அதெல்லாம் மேல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தார்கள்.

மேலே இருக்கிறவர்களின் கடிதம் புதன்கிழமை வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதால் சாலை அகலமாகிறது. குப்பம் இருக்கும் அறுபத்திரண்டு சென்ட் அரசுப் புறம்போக்கு. இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும். கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: சுதந்திரத்துக்கு முன்பு வழங்கப்பட்ட நில உரிமை எவருக்கேனும் இருப்பின், அவர் கல்மண்டபத்திலுள்ள மூதாதையர் மெய்ப்பிப்புச் சிறப்பு அலுவலகத்தை அணுகலாம்.

அந்த எவரேனும் பவானிதான். வயது நாற்பத்திரண்டு. காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். கணவன் மணி விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும். இந்த இருபத்தொரு நாளும் அவன் கடலில்தான் இருந்தான். வீட்டில் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய பத்திரம் இருந்தது. முதல் உலகப்போரில் இராக்கில் இருக்கும் பஸ்ராவுக்குப் போய் ராணுவத்துக்குப் படகு ஓட்டிய தேசப்பன் என்பவருக்கு, 1921ஆம் ஆண்டு வெள்ளைக்காரக் கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலம் அது. தேசப்பன், பவானியின் அப்பாவுடைய அம்மாவைப் பெற்றவர். அவருடைய சொந்தமும் சொந்தத்தின் சொந்தமும் சேர்ந்துதான் அந்த முப்பத்து நான்கு வீடுகளும். பத்திரம் நின்றால் எல்லா வீடும் நிற்கும்.

மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு கல்மண்டபம் போனாள். தம்பி ஃபைபர் படகு வைத்திருப்பவன், முன்கோபக்காரன். "நான் எதுக்குக்கா? அங்க பேசறதுக்கு எனக்கு வாய் பத்தாது" என்றான். "நீ பேச வாணாம். சும்மா கூட நில்லு, போதும்" என்றாள்.

அலுவலகம் ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: "நேற்றை நிரூபி, இன்று வாழ்." உள்ளே சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. தொடங்கி இரண்டு ஆண்டுகளில் ஒரு தவறான முடிவுகூட எடுக்காத அலுவலகம் என்பதற்காகக் கொடுத்தது. அதற்குப் பக்கத்திலேயே புள்ளிவிவரப் பலகை. வந்த மனுக்கள் அறுநூற்றுப் பதினொன்று. முடித்த மனுக்கள் பூஜ்யம்.

சிறப்பு வட்டாட்சியர் கருணாகரன் நெற்றியில் சந்தனமும் சட்டைப் பையில் மூன்று பேனாவும் வைத்திருந்தார். பத்திரத்தை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்ல பத்திரம்" என்றார். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. அரசாங்கத்துக்கு உங்க மேல சந்தேகமே கிடையாது. உங்க முன்னோர் மேலதான் சந்தேகம். நிலத்தை வாங்கினவர் தேசப்பன். அவர் ஒருத்தர் இருந்தார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"அவரு இல்லாம நாங்க எப்படி சார் வந்தோம்?"

"அது உயிரியல். நான் கேக்கறது ஆவணம். அவரோட அடையாள அட்டை, முகவரிச் சான்று, தொப்பி இல்லாத ரெண்டு புகைப்படம்."

"அவரு செத்துத் தொண்ணூறு வருசம் ஆவுது சார்."

கருணாகரன் பேனாவை மூடி வைத்தார். முகத்தில் முதல்முறையாக ஆர்வம் தெரிந்தது. "இறப்புச் சான்று கொண்டு வந்திருக்கீங்களா?"

"அப்பல்லாம் அத்த யாரு சார் எய்தி வச்சாங்க?"

"அப்ப அவர் இறக்கலை. நான் சொல்லலைம்மா, விதி சொல்லுது. சான்று இல்லாத மரணம் மரணமாகாது. ஆக இப்ப நிலைமை என்னன்னா, அவர் இருந்ததுக்கும் ஆதாரம் இல்லை, இறந்ததுக்கும் ஆதாரம் இல்லை. முதல்ல இருந்தார்னு நிரூபிங்க. ராணுவத்துல வேலை பார்த்தவர்னா ராணுவப் பதிவேட்டுல பேர் இருக்கணுமே? அதைக் கொண்டுவாங்க. எப்ப வேணா வாங்க. இந்த அலுவலகத்துக்கு அவசரம்னு ஒண்ணு கிடையாது."

"எங்களுக்குக் கீதே சார். இன்னும் இருவது நாளுதான்."

"அது இடிக்கறவங்க அலுவலகம். அவங்க ரொம்ப வேகம்" என்று பெருமையாகச் சொன்னார்.

வெளியே டீக்கடைக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர் சௌக்கத் அலி. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், முப்பது வருடமாக அதே இடம். அழுதுகொண்டு வெளியே வருகிறவர்களையும் ஆத்திரத்தோடு வெளியே வருகிறவர்களையும் அவருக்கு நடையிலேயே தெரியும். பவானி இரண்டுமாக இருந்தாள்.

கதையைக் கேட்டுவிட்டு அவர், "என் மகள் தஸ்னீம் காலேஜ்ல சரித்திரம் படிக்குது. சீமையில இருக்கற பழைய பட்டாளத்து ரிக்கார்டெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்ல வந்துகினு இருக்குது. தேடச் சொல்றேன். துவா பண்ணிக்கினே இரு தங்கச்சி" என்றார்.

தஸ்னீம் எட்டு நாள் தேடினாள். பஸ்ராவில் நதிப் படகுகள் ஓட்டிய படையின் பெயர்ப் பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதில் சென்னைக் கடற்கரையிலிருந்து போனவர்கள் நானூறு பேருக்கு மேல். எட்டு நாளும் பவானி காசிமேட்டில் ஏலம் கேட்கப் போய் விலையைக் காதில் வாங்காமல் நின்றாள். ஒன்பதாம் நாள் சௌக்கத் அலியிடமிருந்து போன் வந்தது. கூடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினாள்.

மடக்கு மேஜையில் ஒரு தாள் இருந்தது. சாய்ந்த ஆங்கில எழுத்து, அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டை. சௌக்கத் அலி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"ஊரு, திருவொற்றியூர் கடலோரம். தொழில், படகு. பொறந்தது 1887. அடையாளம், இடது முழங்கால்ல தழும்பு, பெரிய மீசை. எல்லாம் சரியா கீது. பேருதான் கொஞ்சம் பேஜாரு. தேசப்பன்னு இவரு சொன்னது அந்த வெள்ளைக்கார குமாஸ்தா காதுல டெய்சி பென்னுன்னு வுழுந்துக்குது."

"கடைசில இன்னாவோ நெறைய எய்திக்குதே பாய்?"

சௌக்கத் அலி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "அது குறிப்பு. 1919, பிப்ரவரி பதினொண்ணு. வூட்ல பொண்டாட்டிக்குப் பொண்ணு பொறந்துக்குது, பாக்கணும்னு லீவு கேட்டுக்கிறாரு. முப்பது நாள் குடுத்துக்கிறாங்க. அதுக்குக் கீழ வேற மையில ஒரே வரி. திரும்பி வரலை."

பவானி அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்குழந்தைதான் அவள் அப்பாவைப் பெற்றவள். இவள் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவள். இவர்கள் வீட்டில் தேசப்பன் என்றால் வெறும் பெயர். படையல் போடும்போது முதலில் சொல்கிற பெயர். அந்தப் பெயருக்கு ஒரு முழங்கால் தழும்பும், குழந்தையைப் பார்க்கும் ஆசையும் இருந்தது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, நல்லா யோசனை பண்ணிக்கோ" என்றார் சௌக்கத் அலி. "இத்த உள்ள குடுத்தா, ஓடிப்போனவருன்னு சொல்லுவாங்க. குடுக்காங்காட்டி, ஆளே இல்லேன்னு சொல்லுவாங்க."

"ஓடிப்போறதுக்கு மொதல்ல ஆளு இருக்கணும் இல்ல பாய்? குடுத்துடலாம்" என்றாள் பவானி.

பதினொரு நாள் மிச்சமிருந்தது.

கருணாகரன் தாளை வாங்கிக் கணினியில் ஏற்றச் சொன்னார். தட்டச்சு செய்த எழுத்தர் பெயரைத் தமிழில் 'டெய்சி பெண்' என்று அடித்தார்.

"பெண்ணா?" என்றார் கருணாகரன்.

"பென் சார். பேரு அது. தேசப்பன்."

"அம்மா, டெய்சியும் பெண் பெயர். அதுக்குப் பின்னாடி பெண்ணுன்னு தெளிவா போட்டிருக்கு. இதுக்கு மேல ஒரு ஆவணம் என்ன சொல்ல முடியும்? அந்தக் காலத்துல பெண்களைப் படகுப் படையில சேர்க்கலை. ஆக ஒண்ணு இந்த ஆவணம் பொய், இல்லேன்னா உங்க தாத்தா பொய். அரசு ஆவணம் பொய் சொல்லாது."

"பெரிய மீசைன்னு எய்திக்குது, பாருங்க சார்!"

"பார்த்தேன். மீசையை வச்சு மட்டும் ஒருத்தரோட பாலினத்தை முடிவு பண்ற காலம் போயிடுச்சும்மா. இந்த அலுவலகம் அந்த விஷயத்துல ரொம்ப முற்போக்கு. துணைக்குழு அமைக்கிறேன்."

துணைக்குழு மூன்று நாள் கூடியது. முதல் நாள் யார் தலைவர் என்று பேசினார்கள். இரண்டாம் நாள் மீசை என்பதன் வரையறை பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் மாலை, தேசப்பன் மறு உத்தரவு வரும்வரை தற்காலிகமாக ஆண் என்று தீர்மானித்து, அந்தச் சான்றிதழை பவானியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார்கள்.

அதற்கடுத்து வம்சாவளி. நான்கு தலைமுறையையும் ஒரே தாளில் மரம்போல வரைந்து தரச் சொன்னார்கள். சௌக்கத் அலி அழகாக வரைந்து கொடுத்தார். அதில் தேசப்பன் என்ற பெயர் நான்கு இடத்தில் வந்தது. படகுக்காரர் ஒருவர். அவருடைய மகன் வயிற்றுப் பேரன் ஒருவர். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர். கடைசியாக, இப்போது பவானிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தம்பி.

"எல்லாரும் தேசப்பனா?" என்றார் எழுத்தர்.

"பெரியவங்க பேரத்தான் சார் வைப்போம்" என்றான் தம்பி.

"கணினி ஏத்துக்காதே. ஒரே முகவரியில ஒரே பேர்ல நாலு பேர்னு போட்டா சிவப்புக் கட்டம் வருது." எழுத்தர் ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்புக் கட்டம் மறைந்தது. அவருக்கு நிம்மதி. நான்கு தேசப்பனையும் கணினி ஒரே ஆளாக இணைத்துவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஐந்து நாள் மிச்சமிருந்தபோது குப்பத்து முனையில் ஒரு ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கி, பாய் விரித்து, வண்டியின் நிழலில் படுத்துக்கொண்டார். நாள் வந்தால்தான் அவருக்கு வேலை. பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். இரண்டு வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டார்கள். குப்பத்துப் பெண்கள் பவானியைப் பார்த்தால் எதுவும் கேட்பதில்லை; அவள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையை மட்டும் பார்ப்பார்கள்.

அன்று பிற்பகல்தான் கருணாகரனின் கண் குறிப்புக் கட்டத்தில் விழுந்தது. உடனே பவானியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் போனபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இத்தனை நாளா என்கிட்ட மறைச்சிட்டீங்களேம்மா! இந்த ஆள் விடுப்புல போயிருக்கார். முப்பது நாள். 1919 மார்ச் மாசம் பணிக்குத் திரும்பியிருக்கணும். திரும்பலை. பணியிலேர்ந்து விடுவிச்ச உத்தரவும் இல்லை. ஆக இன்னிக்கும் அவர் பணியில இருக்கார். நூத்தியாறு வருஷமா அனுமதி இல்லாத விடுப்புல இருக்கார்!"

"சார், அவரு செத்துட்டாரு."

"அதுக்குச் சான்று இல்லைன்னு முதல் நாளே முடிவு பண்ணியாச்சு. திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க. நானும் இருபத்தெட்டு வருஷமா அரசு ஊழியன். மருத்துவ விடுப்புல ஒரு நாள் கூடுதலா இருந்ததுக்கு எனக்கு மெமோ குடுத்தாங்க. ஒரே நாள்! நூத்தியாறு வருஷத்தைச் சும்மா விடணுமா? ஒழுங்கா பணி முடிச்சவங்களுக்குத்தான் இந்த நிலம். அவர் நேர்ல வந்து விளக்கம் சொல்லணும். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. வரலைன்னா நிலம் ரத்து."

"எங்கேந்து சார் இட்டுகினு வர்றது?"

"வீட்டு முகவரிக்குத்தான் சம்மன் அனுப்பறோம்" என்றார் கருணாகரன். அதில் அவருக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

சம்மனை எடுத்துக்கொண்டு வந்தவர் டவாலி பொன்ராஜ். விசாரணையின்போது வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதுதான் அவர் வேலை. பதினேழாம் எண் கதவில் பசை தடவி ஒட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எங்களையும் இப்படித்தாம்மா தூக்கி வியாசர்பாடில போட்டாங்க. ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி" என்றார். பிறகு காலி சொம்பைக் கொடுத்துவிட்டு, "செவ்வாக்கெயம வந்துடுங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க" என்று சொல்லி சைக்கிளை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை இருபதாம் நாள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இடிப்பு என்று போலீஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தது. பவானி காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. தம்பி ஒரு வாரமாகக் கடலுக்குப் போகாததால் கண்ணெல்லாம் சிவந்து, யார் மேலாவது பாயத் தயாராக இருந்தான். சௌக்கத் அலி கையில் நான்கு பக்க மனு: இறந்தவரை ஆஜர்படுத்த இயலாமை குறித்து. அதைக் கொடுக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

பதினோரு மணிக்குக் கருணாகரன் உள்ளே அமர்ந்தார். இடப்பக்கம் எழுத்தர். வலப்பக்கம் மின்விசிறி. பொன்ராஜ் வாசலுக்கு வந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு கூப்பிட்டார்.

"தேசப்பன்!"

நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வராவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் முப்பத்து நான்கு வீடும் போயிற்று.

"தேசப்பன்!"

சௌக்கத் அலி மனுவோடு எழுந்தார். எழுத்தர் உள்ளேயிருந்து கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தேச... ப்பன்!"

"இன்னாய்யா, இங்கதானே குந்திகினு கீறேன்! காதுல வந்து கத்திகினே கீற!" என்று தம்பி வெடித்தான்.

அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவன், மூன்றாம் தடவைக்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. பொன்ராஜ் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "தேசப்பன் ஆஜர் ஐயா" என்றார்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பவானிக்கு உயிர் போய்விட்டது. பொய் சொல்லி ஏமாற்றியதாக இவனைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டால்? அவசரமாக முன்னால் ஓடினாள்.

"சார், சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இவன் என் தம்பி சார்!"

"உறவுமுறை இங்க பொருட்டே இல்லை" என்றார் கருணாகரன். அவர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம் பேர் என்னப்பா?"

"தேசப்பன்."

"ஆதார்?"

தம்பி பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எழுத்தர் கணினியில் ஒப்பிட்டார். பெயர் பொருந்தியது. முகவரி பொருந்தியது. தொழில் பொருந்தியது. "பிறந்த வருஷம் மட்டும் இடிக்குது ஐயா. பதிவேட்டுல 1887. இதுல 1987."

கருணாகரன் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தார். பவானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு இலக்கம்" என்றார் கருணாகரன் கடைசியில். "எழுத்துப் பிழை. ராணுவம் பிழை செய்யாது. ஆதாரைத் திருத்திடுங்க."

"சார், எனக்கு முப்பத்தெட்டு வயசுதான் சார் ஆவுது!" என்றான் தம்பி.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்." கருணாகரன் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். "உனக்குத் தெரியாதுப்பா. இந்த அலுவலகம் ஆரம்பிச்சதிலேர்ந்து அறுநூறு முன்னோர்களுக்குச் சம்மன் அனுப்பியிருக்கேன். ஒருத்தர் வரலை. வர்றதெல்லாம் பேரன், பேத்தி, வக்கீல். சட்டத்தை மதிச்சு நேர்ல வந்த முதல் மூதாதையர் நீதான். ஆண்டறிக்கைல போடணும், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

எழுத்தர் போட்டோ எடுத்தார். தம்பி தொப்பி போடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார்.

பிறகு கருணாகரன் நாற்காலிக்குத் திரும்பி, முகத்தை இறுக்கிக்கொண்டார். "இப்ப குற்றச்சாட்டு. 1919ல முப்பது நாள் விடுப்புல வந்தே. ஏன் திரும்பிப் போகலை?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவன் தலையைச் சொறிந்தான். காலை மாற்றி நின்றான். அந்தத் தாளில் இருந்ததை அவனும் கேட்டிருந்தான்.

"கொயந்தயப் பாத்துட்டேன் சார்" என்றான் மெதுவாக. "பாத்ததுக்கப்பறம் எப்படி சார் போவறது? அங்க போனவன் பாதிப் பேரு காய்ச்சல்ல செத்தான்னு பேச்சு. கையில புடிச்சுகினு இருக்கசொல்ல வுட்டுட்டுப் போவ மனசு வரல."

எழுத்தர்கூடத் தட்டச்சை நிறுத்திவிட்டார். பிறகு கருணாகரன் சொல்லச் சொல்ல அடித்தார்: "காரணம், குடும்பச் சூழ்நிலை. ஏற்கத்தக்கதல்ல."

உத்தரவு அரைமணி நேரத்தில் வந்தது. சௌக்கத் அலி அதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முதலில் தனக்குள் படித்தார். மறுபடி படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். தேசப்பன் நேரில் ஆஜரானதால் அவர் உயிரோடிருப்பது உறுதியாகிறது. உயிரோடிருப்பவருக்கு வாரிசு கிடையாது என்பதால் பவானியின் மனு தள்ளுபடி.

"ஐயோ!" என்றாள் பவானி.

"இரு தங்கச்சி, இன்னும் கீது. தேசப்பன் இன்னும் ராணுவப் பணியில நீடிக்கிறதால, அவரோட மேலதிகாரி அனுமதி இல்லாம அவர் நிலத்தை யாரும் எடுக்கக் கூடாது. அனுமதி கேட்டு பஸ்ரா நதிப் படகுப் படைத் தளபதிக்குப் பதிவுத் தபால் அனுப்பப்படுது. பதில் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது. தேசப்பன் மட்டும் மாசா மாசம் ஒண்ணாம் தேதி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் படையைக் கலைச்சு நூறு வருஷம் ஆச்சு."

"அப்ப பதிலு?"

"வரும்போது வரட்டும்" என்றார் சௌக்கத் அலி. அவருக்குச் சிரிப்பு வந்தது.

புதன்கிழமை எட்டு மணிக்கு இரண்டு வேன் போலீஸ், ஒரு பொறியாளர், ஓடிக்கொண்டிருக்கும் ஜேசிபி. முதல் சுவரிலிருந்து பத்தடி தூரத்தில் அதன் கை உயர்ந்து நின்றது. பவானி உத்தரவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றாள். பொறியாளர் வாங்கிப் படித்தார். பஸ்ரா என்ற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தார். யாருக்கோ போன் செய்தார். அந்த யாரோ இன்னொருவருக்குச் செய்தார். இருபது நிமிடம் ஜேசிபி புகையைக் கக்கிக்கொண்டு அப்படியே நின்றது. கடைசியில் பொறியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார். வண்டி பின்னால் நகர்ந்தது.

அன்று குப்பத்தில் எல்லோரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தொந்தரவு அடுத்த நாள் ஆரம்பித்தது.

தேசப்பன் உயிரோடிருக்கும்வரைதான் வீடுகள் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டிருந்தது. லாரி போகும் சாலையை அவன் தனியாகக் கடக்க விடுவதில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். வெயிலில் நின்றால் உள்ளே தள்ளினார்கள். தும்மினால் மூன்று வீட்டிலிருந்து கஷாயம் வந்தது. படகின் இன்ஜினைக் கழற்றி யாரோ ஒளித்துவைத்தார்கள். ஆதாரில் வருடம் மாறியதால் மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் இருந்து, நூற்று முப்பத்தெட்டு வயதுக்காரர் தொழில் செய்ய முடியாது என்று அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஒன்றாம் தேதி மட்டும் அவனை ஆட்டோவில் வைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவர் பைக்கில் வர, கல்மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். கருணாகரன் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அலுவலகச் சுவரில் இரண்டாவது கேடயம் ஏறியிருந்தது.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் தம்பி பவானி வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"அக்கா, இன்ஜின் உன் கட்டிலுக்கடியிலதான் கீதுன்னு எனக்குத் தெரியும். குடுத்துடு."

"இன்னாடா பேசற? கடல்ல உனுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாமயே செத்துகினு கீறேன் இங்க! நண்டு வலை போட்டு மூணு மாசம் ஆவுது. என் கையப் பாரு, எப்படிப் பூத்துப் போச்சு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, ஆனா என்னையா பாக்கறாங்க? வூட்டுப் பத்திரத்தப் பாக்கற மாரிப் பாக்கறாங்க."

பவானி அவன் கையைப் பார்த்தாள். கயிறு இழுத்த காய்ப்பெல்லாம் உரிந்து, எழுத்தர் கை போல வெளுத்திருந்தது. வெளியே அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "வுடாத பவானி, வுடாத" என்று ஒரு குரல் கேட்டது. அவளுக்கு அவர்களுடைய பயமும் புரிந்தது. அது அவளுடைய பயமும்தான்.

அவள் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து இன்ஜினை இழுத்தாள். கனம். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் அவனுமாகத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து மணலுக்குப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. படகை நீரில் தள்ளியபோது புடவை இடுப்பு வரை நனைந்தது.

"மூணு பேரா போங்கடா. ஜாக்கிரத" என்றாள். "ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாலு நாள் கீது."

"மத்தியானமே வந்துடுவேன்க்கா" என்றான். மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

படகு அலையை ஏறி இறங்கி, துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களின் பக்கம் சிறிதாகிப் போனது. பவானி மார்க்கெட்டுக்குப் போகவில்லை. முப்பத்து நான்கு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து அவளுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தார்கள். யாரோ சோறு கொண்டுவந்தார்கள், அவள் தொடவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியபோது, கப்பல்களுக்கு நடுவிலிருந்து ஒரு புள்ளி பிரிந்து வந்தது. அவள் எழுந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

படகு நிறைய நண்டு. அவள் தண்ணீரில் இறங்கிப் படகுக்குப் போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையை எடுத்து வலையிலிருந்து நண்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.